ஆள் இல்லாத வீட்டு மீட்டர்

தன் வீட்டுத் தண்ணீரைத் தானே போய் மூடிவிட்டு வரும் வேலை அன்று காலையில் சாவிக்காரர் தலையில் விழுந்தது.

ஊருக்குத் தண்ணீர் விடுவது ஒரு தனியார் கம்பெனி. அந்தக் கம்பெனியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிப்பது அரசாங்கம் வைத்த ஆணையம். மூன்று மாதம் மீட்டர் ஓடவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று கணக்கு. ஆள் இல்லாத வீட்டுக் குழாயில் தேங்கிய தண்ணீர் கெட்டுப்போய் அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். அதனால் தெருவிலேயே இணைப்பை மூடிவிட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மூடுமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆள் இருந்தால் குழாயை ஓடவிட்டு, தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, அப்படியே விட்டுவிடலாம். நீளச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகி எத்தனையோ வீடுகளை மூடியவர் அவர். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

"என்ன சாவி, இது உன் தெரு மாதிரி இருக்கே? நீ எங்கதான்யா குடியிருக்கே?" என்றார் கண்காணிப்பாளர், கைப்பேசியில் அன்றைக்கு மூட வேண்டிய வீடுகளின் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அந்த வீட்லதான்."

"அப்ப நீ குளிக்கிறதே இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவரும் சிரித்து வைத்தார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டுக்குப் போவது தலையைச் சாய்க்க மட்டும்தான். குளிப்பது, துவைப்பது எல்லாம் வேலை செய்யும் பம்ப் ஹவுஸில். சாப்பாடு முக்குக் கடையில். குடிக்க ஒரு கேனில் பிடித்துக்கொண்டு போவார். சமையலறைப் பக்கம் போகக் கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் கலைந்ததும் கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "வாட்ச்மேன் ரூம் காலியாத்தான் கிடக்கு. பேசாம மூடிட்டு இங்கயே வந்துடு. ஒத்தை ஆளுக்கு எதுக்குய்யா வீடு?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மூடிவிட்டால் அது வீடு இல்லை, நாலு சுவர். மறுபடி இணைப்பு வாங்குவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டையும் மனசில் உருட்டிக்கொண்டே தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

தன் வீட்டு வாசலில் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரியைக் கூப்பிட்டார்.

"விதிப்படி கேக்கணும் தங்கச்சி. இந்த வீட்ல ஆள் இருக்கா?"

"என்னண்ணே, வெயில் தலைக்கேறிடுச்சா? உங்க வீட்டைப் பத்தி என்கிட்ட கேக்குறீங்க?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். சொல்லு."

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "நெசத்தைச் சொல்லவா? அண்ணி இருந்தவரைக்கும் பாத்திரத்தை உருட்டுற சத்தம் கேக்கும். என்னைத் திட்டுற சத்தமும் கேக்கும். இப்ப ஒண்ணும் இல்ல. நீங்க பொண்ணு வீட்டோட போயிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

தினமும் வந்து படுத்து எழுந்து போகிற மனிதர் அவர். வேறு வீடாக இருந்தால் இந்தப் பதில் போதும், மறு வார்த்தை பேசாமல் மூடிவிடுவார். சாவியைக் குழிக்குள் விட்டார். மணிக்கட்டு பழக்கத்தில் பாதி திருகியும்விட்டது. அதற்குமேல் திருகவில்லை.

"நான் இருக்கேன் தங்கச்சி."

"அதை மீட்டர்ல சொல்லணும்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

திருகியதைத் திருப்பித் திறந்துவிட்டு உள்ளே போனார். சமையலறைக் குழாய் இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். காற்று இருமியது, துருநிறத்தில் கொஞ்சம் கக்கியது, பிறகு சீறிக்கொண்டு ஓடியது.

"சுத்துது அண்ணே! முள்ளு சுத்துது!" தையல்காரி தெருவில் குனிந்து நின்று கத்தினாள்.

குப்பியில் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டினார். குளோரின் உள்ள நல்ல தண்ணீர் என்றால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் செத்த தண்ணீர். இன்னும் ஓடவிட வேண்டும். சும்மா ஓடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு குண்டானை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு இன்னொன்று. யார் சமைக்கப்போகிறார்கள் என்று தெரியாமலே ஒவ்வொன்றாகக் கழுவினார். கடைசியில் குப்பி மஞ்சளானது.

கைப்பேசி அடித்தது, கண்காணிப்பாளர். "மூடியாச்சா?"

"இல்ல. ஆள் இருக்கு."

"யாரு?"

"நான்தான்."

"அப்ப ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வந்து தலையைச் சொறிஞ்சுட்டு நிக்காதே."

"குடுத்துடுங்க."

அன்று சாயங்காலம் பம்ப் ஹவுஸில் குளிக்காமல் நேரே வீட்டுக்கு வந்தார். குளியலறையில் நின்று நாலு செம்பு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உறைத்தது: சோப்பும் துண்டும் பம்ப் ஹவுஸில் இருந்தன. குரல் கொடுத்தால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வெறுங்கையால் உடம்பைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் நாலு செம்பு ஊற்றிக்கொண்டார். பிறகு குழாயை மூடிவிட்டு, ஈரம் தானாகக் காயும்வரை அங்கேயே நின்றார்.