குறி போடாத ஆறு முட்டைகள்

கண்ணுகளா, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை இது. அவளைத் திட்டிவிடாதீர்கள். நல்லவள்தான், பொய் சொல்லத்தான் கைவரவில்லை.

அவள் தையற்காரி. முன்னறையில் மெஷின், அடுத்து சமையலறை, ஒட்டினாற்போல் ஒரு சாமான் அறை, பின்னால் கோழிகள் மேயக் கொஞ்சம் இடம். கோழிகள் அவளுடையவை அல்ல, நாத்தனாருடையவை. சேவலுக்கு முன்னால் எழுந்து வீட்டையே எழுப்பிவிடுவதால் நாத்தனாருக்குத் தம்பி வைத்த பெயர் அலாரம். புருஷன் போன பிறகு, எட்டு வருஷத்துக்கு முன்னால், தம்பி வீட்டுக்கு வந்தபோது அலாரம் கொண்டுவந்தது ஒரு பை துணியும் கூடையில் இரண்டு பெட்டைகளும்தான். அவை பெருகி ஏழு பெட்டை, ஒரு சேவல் என்று ஆகியிருந்தன.

அலாரத்தின் மகளுக்குப் பிரசவ நேரம். மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் கறுப்புப் பெட்டையைச் சாமான் அறையில் அடை வைத்தாள். ஒன்பது முட்டை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"தெனம் கை விட்டுப் பாரு. குறி இல்லாத முட்டை இருந்தா வேற கோழி வந்து போட்டுட்டுப் போயிருக்கும். எடுத்துடு, மறந்துடாதே."

"சரிக்கா."

ஐந்தாம் நாள் போன் வந்தது. பேத்தி பிறந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தோடு இன்னொன்றும் வந்தது. "இனிமே இங்கேயே இருந்துடும்மான்னு இவ ஒரே பிடிவாதம். எனக்கும் யோசனையாத்தான் இருக்கு. கோழிங்களை விட்டுட்டு எப்படின்னுதான் பாக்கறேன்."

தையற்காரி மெஷினை நிறுத்திவிட்டாள். மெஷினில் குனிந்தால் நேரம் போவது தெரியாதவள் அவள். பக்கத்தில் சத்தமில்லாமல் தட்டை வைத்து, "போதும், எழுந்திரு, முதுகை நிமித்து" என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? 'போகாதீங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. பெற்ற மகள் கூப்பிடும்போது நாம் யார் தடுக்க என்று விழுங்கிவிட்டாள்.

எட்டாம் நாள் பள்ளிச் சீருடைகளைக் கொடுக்கப் போனவள் பின்கதவைச் சாத்த மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்க இறகு. நாய் புகுந்திருந்தது. ஆறு பெட்டையும் சேவலும் போயின. சாமான் அறைக்குள் இருந்ததால் கறுப்பி மட்டும் தப்பித்தது.

தையற்காரியின் புருஷன், அதாவது அலாரத்தின் தம்பி, சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். அன்று வேலையிலிருந்து வந்து, மூலையில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். "அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன்."

போன் போட்டுச் சொன்னாள். "கோழியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு ஜம்முன்னு இருக்குக்கா!"

கோழி இல்லை என்று தெரிந்தால் அக்காவுக்கு இங்கே திரும்ப என்ன காரணம்? அந்தப் பயம் அவளை ஆட்டிவைத்தது. சமையலறைக் கூடையில் அந்தக் கோழிகள் கடைசியாக இட்ட ஆறு முட்டைகள் இருந்தன. அவற்றையும் கொண்டுபோய்க் கறுப்பியின் அடியில் தள்ளினாள். எண்ணிக்கை கூடினால் போதும் என்று நினைத்தாள், பாவம்.

இருபத்தோராம் நாள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்திக்கொண்டு வந்தன. ஏழு! தையற்காரி மெஷினை மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாள் காலையில் கறுப்பி எழுந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. கூப்பிட்டாள், தூக்கிவந்து உட்கார வைத்தாள். அது கையைக் கொத்திவிட்டு மறுபடி குஞ்சுகளிடம் ஓடியது. மிச்ச முட்டைகள் சில்லிட ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே அலாரம்!

பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே பின்பக்கம் போனாள். வெறிச்சோடிக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். கறுப்பியைப் பார்த்தாள். திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"நாய் வந்துச்சுக்கா. நான்தான் கதவைச் சாத்தலை. போன்ல சொன்னது பொய்."

அலாரம் பையைக் கீழே வைத்தாள். சாமான் அறைக்குள் போய்ப் பதினைந்தில் மிஞ்சிய எட்டு முட்டைகளைப் பார்த்தாள்.

"இந்த ஆறுல குறி இல்லையே?"

"எட்டாம் நாள் வெச்சேன். குறைஞ்சுபோனதை ஈடு கட்டலாம்னு..."

"ஏண்டி, இது என்ன ஜாக்கெட்டா, துணி பத்தலேன்னா ஒட்டுப் போட? முன்னாடி பொரிச்சதைக் கூட்டிக்கிட்டுத் தாய் கிளம்பிடும்டி. பின்னாடி வெச்சதுக்கு யாரு உக்காருவா? அதுக்குத்தானே எடுத்துடுன்னு சொன்னேன்!"

பேசிக்கொண்டே கதவைச் சாத்தினாள். டார்ச்சை எடுத்து ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்தாள். குறி போட்ட இரண்டும் கூமுட்டை. குறி இல்லாததில் இரண்டில் கருவே இல்லை. மற்ற நான்கில் சிவப்பு நரம்புக்கு நடுவே கறுப்பாக ஏதோ துள்ளியது.

"உசுரு இருக்கு. இன்னும் ஏழு நாள் சூடு வேணும். ஓடு, பல்பு கொண்டா!"

தையற்காரி மெஷின் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தம்பி சிரித்துவிட்டார். "அது எல்இடி. அதுல அக்கா கோபத்துக்குப் பாதி சூடுகூட வராது." தெருமுனை எலக்ட்ரீஷியன் கடையில் தூசி படிந்து கிடந்த பழைய குண்டு பல்பு ஒன்றை வாங்கிவந்தார். எதுக்கு என்று கேட்டவரிடம், "எங்க அக்கா முட்டை மேல உக்கார மாட்டேங்கறாங்க" என்றாராம்.

அட்டைப்பெட்டி, பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். இரண்டு பெண்களும் முறை வைத்துக்கொண்டு முட்டைகளைத் திருப்பினார்கள். மூன்றாம் நாள் திருப்பிக்கொண்டே அலாரம் கேட்டாள்: "நாய் வந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும். ஏன் பொய் சொன்னே? நான் அவ்வளவு கடிக்கறவளா?"

"கோழி இல்லேன்னா நீங்க திரும்பி வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

அலாரத்தின் கை முட்டை மேலேயே நின்றுவிட்டது. எட்டு வருஷமாக, தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறோம், முட்டையாவது கொடுக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். கோழிகளை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் சீக்கிரம் வந்திருந்தாள்.

"நாலு மணிக்கு நீ திருப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். கழுவ ரொம்ப நேரம் பிடித்தது.

ஏழாம் நாள் மூன்று குஞ்சுகள் வந்தன. நாலாவது ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மூன்றும் நனைந்த பஞ்சுபோல் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தபோது மகளின் போன் வந்தது. முன்னறையில் தையற்காரி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வர்றேண்டி, பேத்தியைப் பாக்காம இருப்பேனா? அப்பப்ப வந்து பத்து நாள் இருக்கேன். அதுக்கு மேல முடியாது. இங்க ஒருத்தி இருக்கா, ரெண்டாவது தடவை சொல்லாம சாப்பிட மாட்டா."

தையற்காரி ஒன்றும் கேட்காதவள்போல் மெஷினை ஓட்டினாள். நன்றியில் கண்ணீர் மறைத்து, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கைமடிப்பு முழுக்கக் கோணலாகப் போனது.