மீன் இல்லாத கண்ணாடிப் பெட்டி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஜெஸ்பின் கேட்ட முதல் கேள்வி, "லேப்டாப் எதாக்கும்?" என்பது.

சமைக்கத் தெரியுமா, சர்ச் கொயரில் பாடுவியா என்றெல்லாம் கேட்பார்கள் என்று அம்மா என்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். நானும் பதில்களை மனப்பாடம் செய்திருந்தேன். கருங்கல் ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் பெரியவர்கள் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியைக் கடித்துக்கொண்டிருக்க, எங்களை மட்டும் பேசிக்கொள்ளச் சொல்லி மாடிப்படிப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். வந்தவன் லேப்டாப்பைக் கேட்கிறான்!

"மேக்" என்றேன்.

சிரித்தான். "அய்யோ, அதுல கேம் ஒண்ணும் ஓடாதே?"

"நீங்க கேம் வெளையாட வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?"

என் தொண்டை ஆண்டவன் தாராளமாகக் கொடுத்த தொண்டை. முன்னறையில் உப்பேரி கடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா தலையில் கைவைத்திருப்பாள் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். ஆனால் ஜெஸ்பின் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். அந்த இடத்திலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எனக்கு முந்தி ஒரு சம்பந்தம் வந்து முறிந்திருந்தது. கொச்சியில் உள்ள ஒரு கம்பெனிக்கு விளம்பரப் படங்களை வெட்டிச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். அந்த முதல் மாப்பிள்ளை என் மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பொறவு இதெல்லாம் எதுக்கு?" என்றான். இதெல்லாமாம்! என் சம்பளத்தில் நான் வாங்கிய கம்ப்யூட்டர், நான் தூக்கம் கெட்டுப் படித்த தொழில், எல்லாம் அவனுக்கு 'இதெல்லாம்'. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊரில் எனக்கு வாயாடிப் பட்டம் உறுதியானது அன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு லேப்டாப் இருக்குமா என்று கேட்காமல், எந்த லேப்டாப் என்று கேட்டவன் ஜெஸ்பின் ஒருத்தன்தான்.

நிச்சயம் கழிந்த மறுநாளே போனில் சண்டை ஆரம்பித்தது. மற்ற ஜோடிகள் தேன்நிலவுக்கு எங்கே போகலாம் என்று பேசுவார்களாக இருக்கும். நாங்கள் விண்டோஸா மேக்கா என்று அடித்துக்கொண்டோம். அவன் குலசேகரத்தில் வீட்டில் இருந்தபடி கடைக்காரர்களின் கணக்கு மென்பொருளுக்கு உதவி செய்கிறவன். வேலை முடிந்தால் வளைகுடாவில் இருக்கும் கூட்டாளிகளோடு கேம். அவனே பாகம் பாகமாக வாங்கி இணைத்த கம்ப்யூட்டர் அது.

"எனக்க பெட்டியில எது கெட்டாலும் மார்த்தாண்டத்துல போய் ஒரு சாமானம் வாங்கி நானே மாட்டிருவேன். ஒனக்கது பூட்டின அலமாரியில்லா? சாவி கம்பெனிக்காரன் கையில."

"அந்த அலமாரியத் திறந்த ஒடனே வேலை நடக்கும். ஒங்க பெட்டிக்க ஃபேன் சத்தம் எனக்கு போன்லயே மாவு மில்லு மாதிரி கேக்குது."

"கேம்?"

"வேலை செய்யுதவங்களுக்கு எதுக்கு கேம்?"

என் சித்தப்பா மகள் பெபிஷா இன்ஜினியரிங் படிக்கிறாள். ஒருநாள் அவள் நடுவே புகுந்து, "ரெண்டும் வேண்டாம்க்கா, லினக்ஸ் போடுங்க, சும்மாவே கிட்டும்" என்றாள். அன்று மட்டும் நானும் ஜெஸ்பினும் ஒரே கட்சி. இருவருமாகச் சேர்ந்து அவளைக் கத்தி விரட்டினோம்.

ஐப்பசி மழையில் லைன் மீது மரம் விழுந்து இரண்டு ஊரிலும் கரண்ட் போனது. அவன் பெட்டி கேமின் நடுவிலேயே அணைந்தது. நான் சாயங்காலம் வரைக்கும் கட்டிலில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகப் படம் வெட்டினேன். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "சவம்" என்று ஒரே வார்த்தையில் திட்டு வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கொழுப்பு கல்யாணக் கார்டில் அடங்கியது. அச்சகத்துக்காரர் ஏதோ ஆதிகாலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்துச் சரிபார்க்க அனுப்பியிருந்தார். என் லேப்டாப்பில் திறந்தால், கர்த்தருடைய கிருபை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. கடைக்காரர்களோடு பழகிய ஜெஸ்பினிடம் அந்த எழுத்துரு இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் சரிசெய்து அனுப்பிவிட்டு, "கல்யாணம் நடக்கணும்னா விண்டோஸ் வேணும், கேட்டியா" என்றான். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றான்.

இப்படியே சிரிப்பும் சண்டையுமாகப் போயிருக்கும். இடையில் வீடு காணல் வந்தது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தி பெண் வீட்டார் கூட்டமாகப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வருவார்கள். அடுக்களை, கிணறு, குளிமுறி எல்லாவற்றிலும் தலையை நுழைத்துப் பார்ப்பார்கள். அங்கே வாழப்போகிறவள் மட்டும் போகக்கூடாது! என்ன நியாயமோ. நான் பெபிஷாவைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, அடுக்களைய அம்மை பாத்துக்கிடுவா. எனக்க கம்ப்யூட்டரை எங்க வைக்கியதுன்னு நீ பாத்திட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். ஜெஸ்பினிடமே கேட்டிருக்கலாம். முந்தின மாப்பிள்ளை கொடுத்த அடி உள்ளே கிடந்தது. பதில் தப்பாக வந்துவிடுமோ என்று பயம். பயம்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ரசலையன் மாமா, அம்மாவின் அண்ணன். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி அழகு மீன் வளர்க்கிறார். திரும்பி வந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"நல்ல வீடு. நல்ல கிணத்து வெள்ளம். பையன் நம்ம இனம் கேட்டியா, மீன் வளக்கான். மேசைமேல பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ள கலர் லைட்டு, கொழாயில வெள்ளம் ஓடுது. மீனைத்தான் கண்டுகிடல. செத்துப்போச்சோ என்னவோ, கேக்க ஒரு கூச்சம்."

பெபிஷா தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். கண்ணாடிப் பக்கம் வைத்த கேமிங் கம்ப்யூட்டர். சூடு தணிக்க உள்ளே திரவம் ஓடும் குழாய்கள், ஊதாவும் பச்சையுமாக விளக்கு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"மாமா, அது கம்ப்யூட்டராக்கும்."

"எலெக்ட்ரிக் சாதனத்துக்குள்ள எவனாவது வெள்ளம் விடுவானா? எனக்குப் படிப்பிக்காத பிள்ளே" என்றார் மாமா. அதற்கு மேல் அவரிடம் யார் பேசுவது?

சிரிப்பு அடங்கிய பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை. ஜன்னல் ஓரம், அவன் அறையில். பெட்டியும் திரையும் ஒலிபெருக்கிகளுமாக ஒரு டம்ளர் வைக்க இடமில்லாமல் நிறைந்திருந்தது. உடனே போன் போட்டேன்.

"எனக்க லேப்டாப்பை எங்க வைக்க?"

அவன் கேமில் இருந்தான் போல. "இந்த மேசையில இடமில்ல. அது சின்னதுதானே, கட்டில்ல வச்சே பாக்கலாம்லா?" என்றான், அவன் பாட்டுக்கு, வெகு சாதாரணமாக.

கட்டிலில். கரண்ட் போன ஒரு நாள் கட்டிலில் இருந்து வேலை செய்வதும், ஆயுசு முழுக்கச் செய்வதும் ஒன்றா? போனை வைத்துவிட்டேன். பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் கத்தவில்லை. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

"என்ன மக்கா, மாப்பிள்ளை கூட என்ன பிரச்சினை?" என்று கேட்டு மாமா வந்து உட்கார்ந்தார்.

"அவருக்க வீட்டுல எனக்கு இடமில்ல. அவருக்க கண்ணாடிப் பெட்டிக்குத்தான் இடம்."

கண்ணாடிப் பெட்டி என்றதும் மாமா தலையாட்டினார். "நாளைக்கு நான் போய்ப் பேசுதேன்" என்றார்.

"நானும் வாறேன். எனக்கு எனக்க கண்ணால பாக்கணும். பிடிக்கலன்னா அங்க வச்சே சொல்லிருவேன்."

பொண்ணு போகக்கூடாது என்று அம்மா அழுதாள். நான் முற்றத்தோடு நின்றுகொள்வதாகச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் மாமாவின் ஸ்கூட்டரில் குலசேகரம் போனோம். அவர் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று பழம் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். நானிருந்த கடுப்பில் அதை யார் பார்த்தது?

ஜெஸ்பினின் அம்மா ஜெபகனி அத்தை என்னைக் கண்டதும் பதறிப்போனார். "அய்யோ, கல்யாணத்துக்கு முந்தியே வந்திட்டியே மக்கா!"

"நான் உள்ள கேறல அத்தை. ஜன்னல் வழியா ஒண்ணு பாத்திட்டுப் போறேன்."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பையோடு உள்ளே போனார். நான் முற்றத்தைச் சுற்றி ரப்பர் மரங்கள் பக்கமாக ஜன்னலடிக்குப் போனேன். உள்ளே டிரில்லர் ஓடும் சத்தம் காதைக் கிழித்தது. எட்டிப் பார்த்தேன்.

மேசை காலியாக இருந்தது. துடைத்து, ஒரு தூசி இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதன் மேல் விழுந்துகிடந்தது. ஜெஸ்பின் ஸ்டூலில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடிப் பெட்டி மூலையில் தரையில் இருந்தது. தூசி தட்டுவதற்கோ என்னவோ மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தான், விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதன் பக்கத்தில் மாமா குனிந்து நின்றார். கையில் பாலித்தீன் கவர். கவருக்குள் வெள்ளம். வெள்ளத்துக்குள் பொன்மீன்கள்.

வாயில் கட்டியிருந்த ரப்பர்பேண்டை மாமா அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமோய்! வேண்டாம்!" என்று கத்தினேன். டிரில்லர் சத்தத்தில் என் தொண்டையே தோற்றது. சத்தியமாவது மண்ணாவது! ஓடினேன். வாசற்படியை வலது கால் வைத்துத் தாண்டினேனா இடது காலா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. மாமா கவரைக் கவிழ்ப்பதற்கும், நான் அந்தப் பெட்டியின் மேல் குப்புற விழுவதற்கும் சரியாக இருந்தது. வெள்ளம் முழுக்க என் தலையிலும் முதுகிலும். மீன்கள் தரையில் துள்ளின.

டிரில்லர் நின்றது. ஜெஸ்பின் திரும்பிப் பார்த்தான். நனைந்த கோழி மாதிரி நான் அவனுடைய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சுபிதா?"

"சுவிட்ச அணைங்க மொதல்ல!"

அணைத்தான். பிறகு எல்லோருமாகத் தரையில் தவழ்ந்து மீன் பிடித்தோம். அத்தை ஓடிப்போய் அவசரத்துக்குக் கிடைத்த மீன்சட்டியில் வெள்ளம் கொண்டுவந்தார். ஒன்றும் சாகவில்லை. மாமா மட்டும் சட்டியைச் சந்தேகமாகப் பார்த்து, "வளக்கதுக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு அடுக்களைக்குப் போனார்.

ஜெஸ்பின் தலை துவட்ட ஒரு துவர்த்தைக் கொண்டுவந்து நீட்டினான். "மேக்குக்காரி எதுக்கு விண்டோஸுக்குக் குறுக்க விழுந்த?"

"எனக்க கல்யாணக் கார்டைத் திறந்தது அதாக்குமே" என்றேன். மூச்சு வாங்கியது. "மேசையில இடமில்லன்னு சொன்னது யாரு?"

"இடமில்லதான். அதுனாலதான் இத கீழ எறக்கினேன்." தலையைச் சொறிந்தான். "நீ போனை வச்ச பொறவுதான் எனக்கே உறைச்சுது. எனக்க பெட்டி தரையில கெடந்தாலும் கேம் ஓடும். படம் வெட்டுதவ கட்டில்ல கெடந்து முதுகை ஒடிக்கணுமா? நூறு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கல. சரி, வேலையை முடிச்சிட்டு போட்டோ அனுப்பலாம்னு இருந்தேன்."

அவன் துளைத்த சுவரைப் பார்த்தேன். மேசைக்கு மேலே, என் கைக்கு எட்டும் உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புதுப் பிளக் பாயிண்டுகளுக்கு இடம் வெட்டியிருந்தான்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு ஒனக்க லேப்டாப்புக்கு. இன்னொண்ணு நீ பொறவு வாங்கப்போற பெரிய திரைக்கு. இந்த வேலை இன்னும் வளரும்லா, பொறவு சுவரை ஒடைச்சிட்டு நிக்க முடியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் தலையோடு அந்தக் காலி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதேன். கருங்கல் முழுக்கப் பேர் எடுத்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. ஜெஸ்பின் என்ன செய்வதென்று தெரியாமல் டிரில்லரைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

கடைசியில் மெதுவாகச் சொன்னான். "ஆனாலும் மேக்குல கேம் ஓடாது, கேட்டியா?"

"மீன் இருக்குல்லா, அதப் பாத்துக்கிட்டு இருங்க!" என்று கத்தினேன். அடுக்களையில் அத்தை கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.