லக்சனாவுக்காக விட்ட புகைக்குண்டு

விடிந்தால் லக்சனாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. பிள்ளைக்கு ஆறு வயது. இந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய தகப்பன் கிறகரிக்குப் புகைக்குண்டு விடும் ஆசை வந்தது.

ஆசை என்றால் கோபிப்பான். நேர்த்தி என்பான். மன்னார்ப் பக்கம் அவனுடைய ஊர்க் கோயில் பெருநாளில், மெல்லிய கடுதாசியில் ஆளுயரக் கூடு ஒட்டி, கீழே எண்ணெயில் ஊறிய துணிப்பந்தைக் கொளுத்தி வானத்தில் விடுவார்கள். கண்ணுக்கு மறையும்வரை கூடு எரியாமல் போனால் மாதா நேர்த்தியை ஏற்றுக்கொண்டாள். இடையில் பற்றிக்கொண்டால் இல்லை. அவ்வளவுதான் சட்டம், அப்பீல் கிடையாது.

அவன் மனைவி அக்னெசுக்கு அந்த இரண்டாவது பாதிதான் பயம். புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் அவளோடு காய்கறி அடுக்கும் சீனப் பெண் வேறொரு கதை சொல்லியிருந்தாள். ஆதியில் சீனாவில் படைகள் சைகை காட்டத்தான் இதை விட்டார்களாம். சனங்கள் பிறகுதான் தங்கள் வேண்டுதலை இதில் ஏற்றினார்களாம்.

"ஆமிக்காரர் விட்ட சாமானிலயே பிள்ளைக்கு நேர்த்தி வைக்கப்போறியள்?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"ஆர் விட்டா என்ன. போய்ச் சேருறது மாதாவிட்ட."

"எரிஞ்சுதெண்டா? அந்த நினைப்போட நாளைக்கு எப்பிடி ஆஸ்பத்திரியில இருக்கிறது? கேக்காமலே விட்டா மறுமொழியும் வராது."

"எரியாது. நான் ஒட்டினது."

பயத்தில் பிடிவாதம் பிடிக்கிறவனோடு வாதாடி என்ன காண்பது? பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லித் தன் தமக்கை செல்வமலரை அனுப்பிவிட்டு, அக்னெஸ் காரில் ஏறினாள்.

அவர்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலில் நிமிர்ந்து பார்த்தால் மின்சார வயர்தான். அதனால் பொழுது சாயும் நேரத்தில் இல்-பிசார் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை; கேட்டாலும் கிடைத்திருக்காது. மழை கண்டு கனநாள், புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. கூடு நிதானப்படும்வரை தங்கூசி என்ற நைலோன் நூலில் பிடித்திருந்து, பிறகு நூலை அறுத்துவிடுவது வழக்கம். நூலை அக்னெஸ் பிடித்தாள்.

கூடு வயிறு உப்பி எழும்பியது. வேண்டாம் என்று சொன்ன அக்னெஸ்தான் அவனைவிட உரக்க "அருள் நிறைந்த மரியே" சொல்லத் தொடங்கினாள். ஆசையாக இருந்தது அவளுக்கு, வெட்கங்கெட்ட ஆசை. போ, போய்விடு என்று மனம் கெஞ்சியது.

அப்போது காற்று திரும்பியது. கூடு ஆற்றை விட்டுக் கரையில் வரிசையாக நின்ற மரவீடுகளின் பக்கம் சாய்ந்தது. காய்ந்து சிவந்த செடிவேலி ஒன்று, அதற்குப் பின்னால் குழந்தைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்ரிக் சறுக்கு.

"அறு," என்று கிறகரி கத்தரிக்கோலை நீட்டினான்.

"வீட்டுப் பக்கமெல்லே போகுது."

"அறுத்தா மேல ஏறியிடும். அறு, அக்னெஸ்."

ஏறியிருக்கலாம். ஏறாமல் அந்த வேலியில் இறங்கியும் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. அவன் நூலுக்குக் கத்தரியைக் கொண்டுவருமுன் அவள் நூலைக் கையில் சுற்றி ஆற்றுப் பக்கம் இழுத்தாள். கூடு குடைசாய்ந்தது. நெருப்பு கடுதாசியை ஒரே வாயில் தின்றது. மிச்சத்தை இழுத்துத் தண்ணீரில் போட்டாள். நூல் அறுத்து உள்ளங்கையில் இரத்தம் வந்தது.

கிறகரி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது போயிருக்கும்," என்றான்.

"தெரியாது."

"நீதான் இழுத்தனீ."

"ஓம். நான்தான்."

இருவரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். அறைக்கு வந்ததும் அவன் அவளுடைய கையைப் பிடித்துக் கழுவி, தாதியிடம் துணி வாங்கிக் கட்டிவிட்டான். கட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. செல்வமலர் வீட்டுக்குக் கிளம்பினாள்; பிள்ளை நித்திரையாகியிருந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

அக்னெசுக்கு எல்லாம் விளங்கியது. நாளைக்குப் பிள்ளை பிழைத்தால் அது மாதாவின் கிருபை. பிழைக்காவிட்டால் அது அக்னெஸ் இழுத்தது. கிறகரி நல்லவன், ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டான். சாகும்வரைக்கும் சொல்லாமலே அவளோடு இருப்பான்.