வௌவாலுக்கு ஒரு வாசல் விளக்கு

எட்டு மணியடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போதுதான், நான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்த வௌவால் என் மகள் இல்லை என்று தெரிந்தது.

முகமூடியைத் தூக்கிவிட்டு அது கேட்டது. "ஆன்ட்டி, நீங்க யாரு?"

முன்பல் இரண்டும் இல்லை. என் டெஸ்ஸிக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "ஹலோ, அது என்னோட வௌவால்!" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முழு சாக்லேட் கொடுக்கும் வீட்டு வாசலில் அத்தனை கூட்டம்; அங்கேதான் கை மாறியிருக்கவேண்டும். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய இறக்கைகள். இருட்டில் மின்னும் வெள்ளைப் பட்டையை டெஸ்ஸியின் இறக்கையில் ஒட்டித்தான் விட்டிருந்தேன். "வௌவாலுக்குக் கோடு இருக்காதும்மா" என்று பிய்த்துப் போட்டாள். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீன் அன்று எதற்கு அழவைப்பது என்று நானும் விட்டுவிட்டேன். ஆறு வயதுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: "தொலஞ்சு போனா ஓடக்கூடாது. வெளக்கு எரியற வாசல்ல போய் நில்லு."

அது என் அப்பா சொன்னது. இதே வால்நட் தெருவில், சூனியக்காரித் தொப்பி கண்ணை மறைக்க, ஏழு வயதில் நான் தொலைந்தபோது ஹ்ரூஸ்கா அம்மாவின் வாசலில்தான் போய் நின்றேன். பாகு சொட்டும் சோளப்பொரி உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, படியில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா டார்ச்சோடு வந்தார். திட்டவில்லை. வீட்டில் சமையலறை மேஜைமேல் பையைக் கொட்டி, ஒவ்வொரு மிட்டாய் உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலக்கடலை போட்டதை எல்லாம் "சோதனைக் கூலி" என்று தன் பக்கம் தள்ளிக்கொண்டார். உருண்டையின் பாகு மறுநாள் பள்ளிக்கூடம் வரை என் விரலில் ஒட்டியிருந்தது.

தீயணைப்பு நிலையத்தின் சங்கு ஊதியது. எட்டு மணி.

முதலில் வலப்பக்க வீட்டு விளக்கு அணைந்தது. அப்புறம் எதிர்வீடு. அதற்கடுத்தது. சங்கு ஊதினால் மிட்டாய் நேரம் முடிந்தது, விளக்கை அணைக்கவேண்டும். எங்கள் ஊரில் பிறந்த எனக்கே அது மறந்துபோயிருந்தது. விளக்கைத் தேடித்தான் டெஸ்ஸி போவாள். அது அணைந்தால் அடுத்தது. அதுவும் அணைந்தால் இன்னும் தள்ளி. தெரு முடியும் இடத்தில் லாரி ஓடும் நெடுஞ்சாலை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் சங்கு ஊதியது. "வெளக்கை அணைக்கலயா?" என்று நான் கேட்டேன். ஹ்ரூஸ்கா அம்மா எழுந்திருக்கவேயில்லை. "புள்ள நிக்குது. எப்பிடிடி அணைக்கறது?"

பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். வழுக்கைத் தலையில் பூசணித் தொப்பியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மிட்டாய் தீந்துடுச்சும்மா."

"மிட்டாய் வேணாம். என் பொண்ணக் காணோம். வெளக்கைப் போடுங்க!"

அவர் சுவிட்சைத் தட்டிவிட்டு, செருப்பில்லாமல் புல்லில் இறங்கிக் கத்தினார். "டேய் ராய்! வெளக்கப் போடுடா! குழந்தையக் காணோமாம்! அடுத்த வீட்டுக்கும் சொல்லு!"

ராய் வீட்டில் எரிந்தது. ராயின் குரல் தாண்டிப் போக, அடுத்த வீட்டில் எரிந்தது. மஞ்சள், வெள்ளை, யாரோ மாட்டியிருந்த ஆரஞ்சு. வெளிச்சம் எனக்கு முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

நெடுஞ்சாலைக்கு முந்தைய கடைசி வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அதன் விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. படியில் கறுப்பாக என்னவோ சுருண்டிருந்தது. கோடில்லாத ஒரு இறக்கை மெல்ல விரிந்தது.