காற்று வந்த நேரம்

எமிலியா கதிரையை இழுத்து ஒரு பக்கமாக வைத்தாள். அப்பா இறந்த நாளில் இருந்து அது சமையலறையின் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி நின்றது. வைத்தவர் அம்மா. கதவுக்கு அப்பால் காஸ் ஹீற்றர் இருக்கும் சின்ன அறை. அங்கேதான் அப்பா விழுந்து கிடந்தார்.

"திறக்கப் போறியோ?"

அம்மா கறுப்புச் சேலைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேசை அருகே இருந்தார்.

"திறக்கத்தான் வேணும் அம்மா. பூசை முடிஞ்சு, அப்பாவை அடக்கம் செய்துபோட்டுச் சேமக்காலையாலை ஆக்கள் இஞ்சைதான் வருவினம். இந்தக் குளிருக்கை எப்பிடி இருப்பினம்?"

"கோட்டோடை இருக்கட்டும்."

படுக்கையறைகளில் மட்டும் சிறிய மின்ஹீற்றர்களைப் போட்டுச் சமாளித்தார்கள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் விரல்களை விறைக்க வைத்தது. வெளியே, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதி அடுக்குமாடிகளுக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. புல்லில் உறைபனி.

குளிர்கூடப் பரவாயில்லை. சத்தம்தான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. முந்தாநாள் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ திருகாணி முறுக்குவதுபோலக் கிறீச்சென்று கேட்டது. அம்மாவின் கத்தி அப்படியே நின்றது. அது கேட்காமல் இருக்க எமிலியா தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

டொக்டர் மாரடைப்பு என்றார். அன்று வந்த தீயணைப்புக்காரர்கள் அறையின் காற்றை அளந்து பார்த்துவிட்டுக் காஸ் கசியவில்லை என்றார்கள். ஆனாலும் முறையாகச் சோதிக்கும்வரை பற்றவைக்க வேண்டாம் என்று வால்வை மூடிவிட்டுப் போனார்கள். எமிலியாவுக்கு அந்த இயந்திரத்தில் ஏதாவது பிழை கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று இருந்தது. பிழை என்றால் கோபப்பட ஒன்று இருக்கும். பஸ் ஓட்டி, நோயென்று ஒரு நாளும் லீவு எடுக்காத மனிதர் சும்மா விழுந்து செத்தார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. ஹீற்றரைச் சோதிக்க வந்தவள் நீல வேலை உடுப்புப் போட்ட ஒரு நோர்வேஜியப் பெண். சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். மெழுகுதிரிக்குப் பின்னால் இருந்த அப்பா பிலேந்திரனின் படத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். அவள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் பக்கத்துக்காரி. முதியோர் இல்லச் சமையலறையில் இத்தனை காலம் வேலை செய்த அம்மாவுக்கு ஒஸ்லோக்காரரின் பேச்சு விளங்கும். இவளுடைய வட்டாரப் பேச்சு பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"ஆழ்ந்த அனுதாபமாம், அம்மா."

எமிலியா கதவைத் திறந்தாள். தூசியும் அப்பாவின் தலையெண்ணெயும் கலந்த மணம் வந்தது. எல்லாம் அவர் விட்டபடியே கிடந்தது. ஹீற்றரின் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஒரு தேத்தண்ணிச் சோசர், அதற்குள் திருகாணிகள். முன் மூடியில் மேலே இரண்டு மட்டும் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு வருசமும் குளிர் தொடங்கும்போது அப்பா இப்படித்தான். மூடியைக் கழற்றித் துடைத்து, பற்றவைத்து, "இண்டையிலை இருந்து மாரி" என்று அறிவித்துவிட்டுத்தான் வெளியே வருவார். ஆள் கூப்பிடுவோம் என்றால் கோபம் வரும்.

அந்தப் பெண் கண்ணாடியை எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் எமிலியாவிடம் கொடுத்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். வெளியே போய்ச் சிலிண்டர்ப் பெட்டியில் வால்வைத் திறந்தாள். குழாய்ப் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் அடித்து, ரோர்ச் வெளிச்சத்தில் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தாள். சுவரில் இருந்த காஸ் எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்த, அது வீடு அதிரக் கத்தியது. அம்மா பின்வாங்கவில்லை. அப்பா விழுந்த பிறகு எட்டிக்கூடப் பாராத அறையின் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் அப்பா நன்றாகவே செய்திருக்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

எமிலியா அதை அம்மாவுக்குச் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "நான் அதைக் கேக்கேல்லை. அவளிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லு."

"என்ன?"

அம்மா கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு நான் தேத்தண்ணி போட்டு வைச்சிட்டு இஞ்சைதான் இருந்தனான். நிலத்துக் கம்பித் தட்டிக்குள்ளாலை சூடு காத்து வந்தது. 'இஞ்சருங்கோ, காத்து வருது, செய்தது காணும், வாங்கோ' எண்டு அவரைக் கூப்பிட்டனான். சத்தமில்லை. வேலையிலை நிக்கிறார் எண்டு நினைச்சன். காலை நீட்டிக்கொண்டு இருந்தன், பிள்ளை. நல்ல சுகமா இருந்தது. ஸ்வெற்றரையும் கழட்டினனான்." ஹீற்றரைப் பார்த்தார். "அந்தக் காத்து வரேக்கை அவர் உயிரோடை இருந்தவரோ எண்டு கேள்."

எமிலியா கேட்டாள். அந்தப் பெண் கையில் இருந்த துணியைப் பார்த்தபடி மெதுவாகப் பதில் சொன்னாள். தன்னால் சொல்ல முடியாது. நெருப்பு எரிந்து உள்ளே சூடேறினால் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். அதற்கு அங்கே ஆள் நிற்கத் தேவையில்லை.

"என்னவாம்?"

"ஃபானைக் கையாலைதான் போட வேணுமாம், அம்மா" என்றாள் எமிலியா. "அப்பாதான் போட்டவர். அதுக்குப் பிறகுதான் நடந்திருக்கு."

அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் மின்சாரத்தைப் போட்டாள். டிக் டிக் என்று பொறி தட்டியது. சிறிய கண்ணாடித் துளைக்குள் நீலமாக நெருப்பு எழுந்து ஒரே சீராக நின்றது. அளவுகருவியைப் பார்த்து, "நல்லது" என்றாள். புகைக்குழாயின் வெளிவாயையும் அளந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

தாயும் மகளும் மட்டும் நின்றார்கள். நெருப்பு மெல்ல இரைந்தது. தகரம் சூடேறிக் கிறீச்சிட்டது. விசிறி தொடங்குமுன் அந்தப் பெண் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எமிலியா நினைத்தாள். போய்க் கூப்பிடுவோமா என்று நினைத்தாள்.

உள்ளே எங்கோ ஒரு சின்ன உதறல் கேட்டது. விசிறி சுழலத் தொடங்கியது.

எவருடைய கையும் எதிலும் இல்லை. காற்று குழாய்களுக்குள் ஏறி, சுவருக்குள்ளால் போய், அவர்களுக்குப் பின்னால் சமையலறைக்குள் வந்தது. எமிலியா திரும்பவில்லை. அம்மா பார்ப்பது அவளுடைய கழுத்தில் தெரிந்தது. அம்மா என்னவோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள்.

வெளிக்கதவு திறந்தது. அந்தப் பெண் கைகளைத் தேய்த்தபடி உள்ளே வந்தாள்.

"அந்தப் பிள்ளை கோப்பி குடிப்பாளோ எண்டு கேள்" என்றார் அம்மா.

எமிலியா கேட்டாள். "குடிப்பாளாம். பால் வேண்டாமாம்."

அம்மா சமையலறைக்குப் போனார். நிலத்துக் கம்பித் தட்டிக்கு மேல் அவர் நின்றபோது கறுப்புச் சேலையின் கரை மெல்ல எழும்பியது. அவர் விலகவில்லை. கோப்பித் தூளைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார். பாதியில் கை நின்றது. எத்தனை போட்டோம் என்று யோசித்தார். பிறகு எல்லாவற்றையும் கோப்பித் தூள் ரின்னுக்குள் திரும்பக் கொட்டிவிட்டு, முதலில் இருந்து போடத் தொடங்கினார்.