பூஜை போட்ட அட்டவணை

1.

காதல் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நம்புங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், கம்ப்யூட்டருக்கு உயிரான கெர்னல் படுத்துவிட்டால் யார் படுக்கவைத்தது என்று துப்பறிய ஒரு கருவி உண்டு என்றார். டிபக்கராம். ராசிபுரம் தாண்டுவதற்குள் காதலைக் கைவிட்டேன். கால்குலேட்டரே எனக்குத் தகராறு, துணிச்சலைப் பாருங்கள்! அவசரக்காரர்களுக்கு ஒரு சலுகை: குற்றவாளி மூன்றாம் பகுதியில் நிற்கிறார். நேரே அங்கே போகலாம்.

2.

1987, ஐப்பசி. சங்ககிரி மலைமேல் கருமேகம்... [அடித்தாயிற்று. மேகத்துக்கு இங்கே என்ன வேலை?]

சங்ககிரியில் ராசப்பனின் லாரி புக்கிங் ஆபீஸ். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டர் மத்தியானம் நின்றுபோனது. வாசலில் லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர்கள் இருவர்: கெர்னலைக் கட்டிய மூத்தவர் சின்னுசாமி, பிரிண்டருக்குப் புரோகிராம் எழுதிய வசந்தாமணி.

நின்ற இடத்தை மெஷின் வெறும் எண்ணாகத்தான் சொல்லும். அந்த எண்ணில் குடியிருக்கும் புரோகிராம் எது என்று, ஓர் அட்டவணையைப் பார்த்து டிபக்கர் பெயர் சொல்லும். சின்னுசாமி அந்த எண்ணைத் தட்டினார். வந்தது பிரிண்டர் புரோகிராமின் பெயர். ராசப்பன் எட்டிப் பார்த்துவிட்டு வசந்தாமணி பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழமையில இருந்து நீ வர வேண்டாஞ் சாமி."

3.

[இது பிற்பாடு நடுவில் செருகிய பகுதி. "அந்தப் புள்ளைக்கு என்ன நட்டம்னே தெரியலையே" என்று என் மனைவி முகத்தைச் சுளித்ததால்.]

வீட்டில் அப்பா வெள்ளியங்கிரி சந்தோஷத்தை மறைக்கப் படாதபாடு பட்டார். "உடு சாமி. போர் போடற ரிக் வண்டிக்காரர் ஊட்டுல இன்னும் பொண்ணு கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க. தையில முடிச்சறலாம்."

மல்லுக்கட்டி வாங்கிய வேலை. வசந்தாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ர புரோகிராம்தானுங்கப்பா கெடுத்துருச்சு. தப்பு என்னுதுதான்."

4.

மறுநாள் சாமான்களை எடுக்கப் போனவளுக்கு, பிரிண்டர் மேசை காலியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. பிரிண்டர் அந்த வாரம் முழுக்கச் சேலத்தில் ரிப்பேரில் கிடந்தது. ஓடாத புரோகிராம் எப்படிக் கெடுக்கும்?

"ஏனுங்கண்ணா, புது டிஸ்க்குக்காகக் கெர்னலை மாத்திக் கட்டுனீங்களே, டிபக்கருக்குப் புது அட்டவணை குடுத்தீங்களா?"

சின்னுசாமி தலையைச் சொறிந்தார். "புதுசு வேற பேருல கெடக்குது அம்மணி. டிபக்கர் பழசைத்தான் பாக்கும். ஆயுத பூசையன்னைக்கு மிசின்ல ஓடிட்டிருந்தது பழசுதானே? சந்தனங் குங்குமம் வெச்சுக் கும்புட்டதை எப்புடி அழிக்கறது!"

லாரி வரிசையில் நடுவே ஒரு வண்டி நுழைந்தால் பின்னால் நிற்பவையெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும் அல்லவா? புது டிஸ்க் புரோகிராம் நடுவே நுழைந்ததில் எண்களும் அப்படித் தள்ளிப்போயிருந்தன. புது அட்டவணையைக் கொடுத்ததும் டிஸ்க் புரோகிராமின் பெயர் வந்தது. எழுதியவர் சின்னுசாமி. அவர் முகம் செத்துப்போயிற்று.

5.

முடிவு ஒன்று: சின்னுசாமி ராசப்பனிடம் போய் ஒப்புக்கொள்கிறார். முடிவு இரண்டு: சின்னுசாமி டீ குடிக்கப் போகிறார், திரும்பி... [முதலாவதை நானே நம்பவில்லை. இரண்டாவதை எழுத எழுத அந்த ஆள்மேல் கோபம் வந்தது.]

கடைசியில் வசந்தாமணியே போய் ராசப்பனிடம் சொன்னாள்.

"அதெல்லாஞ் செரி சாமி. நேத்து உன்ர புரோகிராம் பேருதானே வந்துச்சு? நாங் கண்ணால பாத்தனே."

அவரை நாலு வார்த்தை திட்டத்தான் பேனாவைத் திறந்தேன். ஐயையோ! நடுவில் ஒரு பகுதியைச் செருகினேனே, முதல் பகுதியில் சொன்ன எண்ணை மாற்றினேனா? என்னை நம்பி நேரே மூன்றுக்குத் தாவியவர்கள், அவள் தன் வாயால் ஒப்புக்கொண்டதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். அவர்களை இனி எப்படிக் கூப்பிடுவேன்?

இதுவரை வந்திருப்பவர் நீங்கள்தான். ராசப்பன் இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறார், அவளும் எதிரில்தான் நிற்கிறாள். திங்கட்கிழமைக்குள் யாராவது போய் அவரிடம் சொன்னால் தேவலை.