முனை தெறித்த கல்

அறுபத்தொன்றாம் வருஷம் மல்லாங்கிணறுக்குக் கிழக்கே, கரட்டை ஒட்டிய ஓடைக்கரையில் எங்கள் முகாம் இருந்தது. செம்புத் தாது தேட வந்த சர்க்கார் கூடாரங்கள். எனக்குச் சமையல் வேலை. "பெத்தணா, செம்பு அகப்படாததுக்கு உன் சாப்பாடுதான் காரணம்," என்பார் ஆபீசர். படித்தவர், நான் மறுத்துப் பேசியதில்லை.

ஓடை மணலைத் தட்டில் அரிப்பது ஊர்க்காவலன் என்கிற உள்ளூர்க் கூலியாள். பெண்கள் அரிசி அரிக்கிற அதே வித்தைதான். லேசானது தண்ணீரோடு போய்விடும், கனமானது அடியில் தங்கும். செம்பு தங்கவில்லை. தங்கியதெல்லாம் பழுப்பும் சிவப்புமாகப் பொடிக் கற்கள்.

"சிர்கான்னு ஒரு வகைக் கல்லு," என்றார் ஆபீசர். "தாது இருக்கிற மலையிலயும் இருக்கும், இல்லாத மலையிலயும் இருக்கும். இதை நம்பிக் குழி தோண்ட முடியாது."

ஒருநாள் துவரம்பருப்பு அளவில் ஒன்று அகப்பட்டது. நல்ல சிவப்பு. ஆபீசர் அதை ஊர்க்காவலனுக்கே கொடுத்துவிட்டார். அவன் ஆசாரியிடம் கொடுத்துப் பித்தளையில் மூக்குத்தி பண்ணினான். பதிக்கும்போது கல்லில் ஒரு முனை தெறித்துவிட்டது. ஆனாலும் அவன் பெண்டாட்டி சோலையம்மாள் அதைப் போட்டுக்கொண்டு, பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து நேரே முகாமுக்கு வந்து காட்டினாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ராணி மாதிரி இருக்க தாயி. முனை ஒடஞ்ச ராணி."

"உங்க சோத்துல கெடக்குற கல்லுக்கு இது எம்புட்டோ மேலு," என்றாள்.

தீபாவளி சீசனில் அவள் இருந்த கொட்டகை வெடித்து எரிந்தது. அடையாளம் தெரியாதவர்களை ஒன்றாகப் புதைத்தார்கள். செத்துப்போனாள் என்று அழுதுகொண்டிருந்த வேறொரு வீட்டுக்கு, அந்தப் பெண்ணே மறுநாள் காட்டுவழியே வந்து சேர்ந்தாள். ஊர்க்காவலன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"மூக்குத்தி அங்கன கெடந்தா அவ இல்ல. கெடக்கலைன்னா எங்கனயோ உசுரோட இருக்கா," என்றான். தட்டை எடுத்துக்கொண்டான். நான் சோற்று அண்டாவில் தண்ணீர் கொண்டுபோனேன்.

அவள் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்துச் சாம்பலை அள்ளி அரித்தான். கரி மிதந்து போனது. அடியில் ஆணிகள், உருகி உருண்ட பித்தளை, அதோடு ஒரு கல். தண்ணீர் போல வெள்ளை. ஒரு முனை தெறித்திருந்தது.

உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"இது வேற யாருதோ. அவ கல்லு செவப்பு," என்று என்னிடம் நீட்டினான்.

பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்கும் கோவில்பட்டிக்கும் அலைந்தான். காரியம் செய்யச் சொன்னவர்களை ஏசினான். கம்பெனி வண்டி வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நின்றான்.

கல்லை ஆபீசரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் சிர்கான்தான். நல்ல சூடு பட்டா செவப்பு போயிடும் பெத்தணா. கல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

வாயாடி என்று ஊரில் பெயரெடுத்தவன் நான். என் வாய்ப்பேச்சை அவன் நம்பமாட்டான். ஓடையில் எடுத்த சிவப்புக் கல் ஒன்றை ஓட்டுச்சில்லில் வைத்து, முகாமில் உளி காய்ச்சுகிற உலைக்குள் தள்ளினேன். அவனைக் கூப்பிட்டுத் துருத்தியைக் கையில் கொடுத்தேன்.

"என்ன செய்யுதீக?"

"ஊதுலே."

ஊதினான். சில்லு கனன்றது. வெளியே எடுத்து ஆறவிட்டபோது கல் வெள்ளையாக இருந்தது. முனை தெறித்த கல்லை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அவன் இரண்டையும் பார்த்தான். உலையைப் பார்த்தான். துருத்தியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எம்புட்டுச் சூடு இருந்திருக்கும்ணே," என்றான்.

நான் தண்ணீர் மொண்டு வந்து உலையில் ஊற்றினேன்.

அந்த வாரமே காரியம் செய்தான். படையல் சோறு நான்தான் வடித்தேன். அரிசியைத் திரும்பத் திரும்ப அரித்தேன், ஒரு கல்கூட இருந்துவிடக் கூடாது என்று.